விண்ணப்பத்தில் அப்பாவை மறைக்காதீர்கள்!

தேர்வு முடிவுகள் வெளியாகும் மாதம் வந்துவிட்டால், தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர், முலுண்டு, டோம்பிவிலி என்று மும்பையில் நம்மவர்கள் வாழும் பகுதிகளில் எல்லாம் ஒரே பேச்சுதான். எந்தக் கல்லூரி? எந்தப் பிரிவு? இடம் கிடைக்குமா?

அண்மைக் காலமாக இந்தப் பேச்சில் ஒரு புதுச் சொல் சேர்ந்திருக்கிறது. 'புரொஃபைல்' என்கிறார்கள். "மார்க் மட்டும் போதாது சார், பையனுடைய புரொஃபைல் பளிச்சென்று இருக்க வேண்டும். நாங்கள் செய்து தருகிறோம்" என்று சொல்லிப் பணம் வாங்கும் ஆட்கள் தெருவுக்குத் தெரு முளைத்திருக்கிறார்கள். விண்ணப்பம் நிரப்பித் தர ஒரு தொகை, கட்டுரை எழுதித் தர ஒரு தொகை, 'சமூக சேவைச் சான்றிதழ்' வாங்கித் தர வேறொரு தொகை. கூலி வேலை செய்பவரும் குமாஸ்தாவும் கடன் வாங்கி இந்தப் பணத்தைக் கொடுக்கிறார்கள்.

பிள்ளையின் படிப்புக்காகப் பெற்றோர் எதையும் செய்வார்கள். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கொடுத்த பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டே ஆக வேண்டும். பெரும்பாலும் கிடைப்பது ஒரு பொய். அந்தப் பொய்யில் முதலில் காணாமற் போகிறவர் அந்தப் பிள்ளையின் அப்பா!

கணினி படிக்கும் விண்ணப்பம்

முதலில் ஓர் உண்மையைத் தெரிந்து கொள்வோம். நம் பிள்ளைகள் போடும் விண்ணப்பங்களில் பெரும்பாலானவற்றை எந்த அதிகாரியும் உட்கார்ந்து படிப்பதில்லை. கணினிதான் பார்க்கிறது.

பதினோராம் வகுப்புக்கான ஆன்லைன் சேர்க்கை, முன்பு மும்பைப் பெருநகரம், புனே, நாக்பூர் போன்ற சில பகுதிகளுக்கு மட்டும் இருந்தது. 2025 முதல் மகாராஷ்டிரம் முழுவதற்கும் விரிவுபடுத்தப்பட்டுவிட்டது. பத்தாம் வகுப்பு மதிப்பெண், இட ஒதுக்கீட்டுப் பிரிவு, மாணவர் வரிசைப்படுத்திய கல்லூரிகள் ஆகியவற்றை வைத்துத்தான் இடம் ஒதுக்கப்படுகிறது. மும்பைப் பல்கலைக்கழகத்தின் சாதாரணப் பட்டப் படிப்புகளில் பெரும்பாலானவற்றுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அளவுகோல். டில்லிப் பல்கலைக்கழகம் போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேர, 2022 முதல் பொது நுழைவுத் தேர்வு வந்துவிட்டது. அந்தத் தேர்வைத் தமிழ் உட்பட 13 மொழிகளில் எழுதலாம் என்பது நம்மவர் பலருக்குத் தெரியாத செய்தி.

இங்கெல்லாம் 'புரொஃபைல்' எடுபடாது. நடனச் சான்றிதழோ பேச்சுப் போட்டிக் கோப்பையோ, அதற்கென்று தனி ஒதுக்கீடு இருந்து, அதற்குத் தனியாக விண்ணப்பித்தால் ஒழிய, கணினியின் கண்ணில் படாது. கட்டங்களைத் தவறில்லாமல் நிரப்புவதும், கேட்ட தாளைக் கேட்ட வடிவத்தில் கேட்ட தேதிக்குள் வைத்திருப்பதும்தான் இங்கே விண்ணப்பத்துக்குச் சிறப்பு. இதற்குக் கட்டணம் கிடையாது. கவனம் மட்டும் போதும்.

நம்மவர் தடுக்கி விழும் இடங்கள்

வெளிமாநிலத்தில் வாழும் தமிழர்கள் எந்தெந்தக் கட்டங்களில் தடுக்கி விழுகிறார்கள் என்பதைப் பார்ப்போம்.

முதலாவது, பெயர். மராட்டியப் படிவத்தில் முதலில் குடும்பப் பெயர் கேட்பார்கள். பிறகுதான் தன் பெயர், தந்தை பெயர். நமக்கோ குடும்பப் பெயர் என்ற ஒன்றே கிடையாது, தலைப்பெழுத்துதான் உண்டு. பள்ளியில் சேர்க்கும்போது ஒருவர் தந்தை பெயரைக் குடும்பப் பெயராக எழுதுவார். இன்னொருவர் சாதிப் பெயரை எழுதுவார். மற்றொருவர் ஊர்ப் பெயரை எழுதி வைப்பார். மதிப்பெண் பட்டியலில் ஒரு விதம், ஆதாரில் இன்னொரு விதம், சாதிச் சான்றிதழில் மூன்றாவது விதம். மூன்றும் ஒரே பிள்ளைதான் என்று அப்பாவுக்குத் தெரியும். கணினிக்குத் தெரியாது. இதைப் பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போதே சரி செய்ய வேண்டும். பத்தாம் வகுப்புப் பட்டியல் அச்சாகி வந்த பிறகு திருத்துவது பெரும்பாடு.

இரண்டாவது, தாய்மொழி. பள்ளி விடுப்புச் சான்றிதழில் தாய்மொழி என்று ஒரு கட்டம் உண்டு. வீட்டில் தமிழ் பேசுகிறவர்களும் சேர்க்கையின்போது அந்தக் கட்டத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். 'இந்தி' என்று விழுந்துவிடுகிறது. மொழிச் சிறுபான்மையினர் நடத்தும் கல்லூரிகளில் பதினோராம் வகுப்பு இடங்களில் பாதி அந்தச் சிறுபான்மையினருக்கு ஒதுக்கப்படுகிறது. தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932-ல் மாட்டுங்காவில் தொடங்கிய காலத்திலிருந்து நம் முன்னோர்கள் இந்த நகரில் கல்விக்காக உழைத்திருக்கிறார்கள். அப்படிப் பிறந்த நிறுவனங்களின் வாசலிலேயே தாய்மொழிக் கட்டம் தவறாக இருப்பதால் நம் பிள்ளை திரும்பி வரலாமா? எந்தக் கல்லூரி எந்த மொழிக்குரியது என்பதை அதன் தகவல் கையேட்டில் பாருங்கள். இந்த ஒதுக்கீட்டுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பொதுச் சுற்றில் தானாக வந்து சேராது.

மூன்றாவது, சாதிச் சான்றிதழ். இங்கே கசப்பான உண்மை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தமிழகத்தில் தாழ்த்தப்பட்டோர் அல்லது பழங்குடியினர் பட்டியலில் இருப்பவர் பிழைப்புக்காக மகாராஷ்டிரம் வந்தால், மாநில அரசின் ஒதுக்கீடு அவருக்குக் கிடைக்காது. இந்த வழக்கு மும்பையிலேயே எழுந்தது. ஆந்திரத்தில் பழங்குடிப் பட்டியலில் இருந்த ஒரு குடும்பம். தந்தை மத்திய அரசு நிறுவனத்தில் வேலை பார்த்து இங்கே வந்தவர். மகன் இங்கேயே வளர்ந்து மருத்துவக் கல்லூரி இடம் கேட்டார். 1990-ல் உச்ச நீதிமன்றம் இல்லை என்று தீர்ப்பளித்துவிட்டது. ஆனால் ஐ.ஐ.டி., மத்தியப் பல்கலைக்கழகம் போன்ற மத்திய நிறுவனங்களில் சொந்த மாநிலச் சான்றிதழ் செல்லும். ஆகவே அந்தப் பிள்ளைகள் மத்திய நிறுவனங்களுக்குக் கட்டாயம் விண்ணப்பிக்க வேண்டும். பிற்படுத்தப்பட்டோர் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். தமிழக அரசின் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் மத்திய நிறுவனத்துக்குப் போதாது. மத்தியப் பட்டியலின்படி, மத்திய அரசின் படிவத்தில், வசதி படைத்த பிரிவினர் அல்லர் என்று குறிப்பிட்ட ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வேண்டும். பழைய சான்றிதழை ஏற்கமாட்டார்கள். ஊருக்குப் போகும் கோடை விடுமுறையிலேயே தாலுகா அலுவலக வேலையை முடித்துக் கொள்வது நல்லது.

நான்காவது, விருப்ப வரிசை. பதினோராம் வகுப்புச் சேர்க்கையில் 10 கல்லூரிகள் வரை வரிசைப்படுத்தலாம். முதலாவதாக எழுதிய கல்லூரி கிடைத்துவிட்டால் அதில் சேர்ந்தே ஆக வேண்டும். சேராவிட்டால் அடுத்த வழக்கமான சுற்றுகளில் இடமில்லை. "முதலில் ஏதாவது போட்டு வைப்போம்" என்று போடுகிறவர்கள் பிறகு கண்ணீர் விடுகிறார்கள். சென்ற ஆண்டு எத்தனை மதிப்பெண்ணோடு எந்தக் கல்லூரி நின்றது என்ற பட்டியல் வெளியாகிறது. அதைப் பார்த்து, வீட்டிலிருந்து ரயிலில் எவ்வளவு நேரம் என்பதையும் கணக்கிட்டு எழுதுங்கள். நெரிசலில் தினமும் மூன்று மணி நேரம் தொங்கிக்கொண்டு போய் வரும் பிள்ளைக்குப் படிக்க நேரம் ஏது?

மனிதர் படிக்கும் விண்ணப்பம்

இனி இரண்டாவது வகைக்கு வருவோம். சில நிறுவனங்களில் மனிதர்கள் விண்ணப்பத்தைப் படிக்கிறார்கள். மாணவரை அழைத்துப் பேசிப் பார்க்கிறார்கள். பெங்களூரின் அஸிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம், அரியானா மாநிலம் சோனிபத்தில் உள்ள அசோகா பல்கலைக்கழகம் போன்றவை இந்த வகை. கட்டணம் அதிகம். ஆனால் குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணத்தைக் குறைக்கிறார்கள்; தகுதியுள்ள ஏழைப் பிள்ளைகளுக்கு முழுவதுமே தள்ளுபடி செய்வதும் உண்டு. 'அது பணக்காரர் படிக்கும் இடம்' என்று நாமாகவே ஒதுங்கிக்கொள்ள வேண்டியதில்லை.

புரொஃபைல் வியாபாரிகளின் கை ஓங்குவது இங்கேதான். அண்மையில் ஒரு மாணவிக்காக அப்படி எழுதித் தரப்பட்ட கட்டுரையைப் படிக்க நேர்ந்தது. தந்தை இஸ்திரிக் கடை வைத்திருப்பவர். கட்டுரையில் அவர் 'ஆடைத் துறைத் தொழில் முனைவோர்' ஆகியிருந்தார். அந்தப் பெண் ஏதோ ஒரு மலைக் கிராமத்துக்குப் போய் நூறு மரக்கன்றுகள் நட்டு, 'உலகை மாற்றும் கனவு' கண்டதாகவும் எழுதியிருந்தது. அந்தப் பெண் அந்த மலையைப் பார்த்ததே இல்லை.

அவள் உண்மையில் என்ன செய்திருக்கிறாள்? ஆறாம் வகுப்பிலிருந்து மாலை வேளையில் ஆறு கட்டடங்களுக்குப் போய்த் துணி வாங்கி வருகிறாள். மராத்திக்காரர் வீட்டில் மராத்தி, குஜராத்திக்காரர் வீட்டில் குஜராத்தி, மற்றவர்களிடம் இந்தி. மாதக் கணக்கு நோட்டு அவள் கையில்தான். ஒரு முறை துணிகள் மாறிப் போய்த் தகராறு வந்தபோது, வீட்டுக்கு ஒரு நிறமாக நூல் கட்டும் முறையைக் கொண்டு வந்தவளும் அவள்தான். அதன் பிறகு துணி மாறியதில்லை.

வாசகர்களே, நீங்களே சொல்லுங்கள். எது பளிச்சென்று இருக்கிறது? நூறு மரக்கன்றா? அந்த நூலா?

விண்ணப்பம் படிக்கிறவர் மேசைக்கு நூறு மரக்கன்றுகள் ஆயிரம் முறை வந்திருக்கும். நிற நூல் ஒரு முறைதான் வரும். நேர்முகத்தில் "எந்தக் கிராமம்? என்ன மரம்? எத்தனை பிழைத்தன?" என்று மூன்று கேள்வி கேட்டால் மரக்கன்றுக் கட்டுரை வாடிவிடும். நூலைப் பற்றி அவளிடம் முப்பது கேள்வி கேட்கட்டுமே, அவள் திணறமாட்டாள்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். தந்தையைத் 'தொழில் முனைவோர்' என்று எழுதிவிட்டுக் கட்டணச் சலுகை கேட்டால் யார் நம்புவார்கள்? கட்டுரையில் ஒன்று, வருமானச் சான்றிதழில் வேறொன்று என்றால் இரண்டுமே சந்தேகத்துக்கு உள்ளாகும். போலிப் பெருமைக்காக உண்மையான உதவியை இழப்பது எவ்வளவு பெரிய அறியாமை!

அமெரிக்காவில் நடப்பது என்ன?

கட்டுரை கேட்கும் பழக்கத்துக்குத் தாயகம் என்று பலரும் சொல்லும் அமெரிக்காவையே எடுத்துக் கொள்வோம். அங்கே ஆயிரத்துக்கும் அதிகமான கல்லூரிகள் ஒரே பொது விண்ணப்பப் படிவத்தை ஏற்றுக்கொள்கின்றன. அதில் மாணவரின் செயல்பாடுகளை எழுத 10 இடங்கள் உண்டு. என்ன வகைச் செயல்பாடு என்று குறிப்பிடும் பட்டியலில் விளையாட்டு, இசை ஆகியவற்றோடு 'சம்பளத்துக்குச் செய்த வேலை', 'குடும்பப் பொறுப்புகள்' என்பவையும் இருக்கின்றன. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது, பாட்டிக்கு மருந்து கொடுப்பது, கடையில் நிற்பது எல்லாம் எழுதத் தக்க காரியங்கள் என்று படிவமே சொல்கிறது.

2016-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கல்வியியல் பள்ளியிலிருந்து ஓர் அறிக்கை வந்தது. பல கல்லூரிகளின் சேர்க்கை அதிகாரிகள் அதை ஆதரித்தார்கள். வீட்டுக்காக உழைப்பதும் வருமானத்துக்காக வேலை செய்வதும் சமூகப் பணிக்குச் சமமாக மதிக்கப்பட வேண்டும் என்றும், சான்றிதழ்களின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்கக் கூடாது என்றும் அந்த அறிக்கை வலியுறுத்தியது.

பொய் எவ்வளவு தூரம் போகும் என்பதையும் அமெரிக்காவே காட்டியது. 2019 மார்ச்சில் அங்கே பெரும் சேர்க்கை மோசடி ஒன்று வெளியாயிற்று. பணம் படைத்த பெற்றோர்கள், விளையாடாத பிள்ளைகளை விளையாட்டு வீரர்கள் என்று காட்டியும், தேர்வு மதிப்பெண்ணைத் திருத்தியும் இடம் வாங்கியிருந்தார்கள். நடிகைகளும் தொழிலதிபர்களும் சிறை சென்றார்கள். எல்லாவற்றையும் ஏற்பாடு செய்த தரகர் ரிக் சிங்கருக்கு 2023 ஜனவரியில் மூன்றரை ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. அவர்களால் வழக்கறிஞர் வைத்துக்கொள்ள முடிந்தது. நம் பிள்ளை பொய்ச் சான்றிதழோடு பிடிபட்டால் யார் வருவார்கள்? பணம் வாங்கிய தரகர் செல்போனை அணைத்துவிடுவார்.

எப்படி எழுதலாம்?

எழுதுவது அப்படியொன்றும் கடினமில்லை. நீ வழக்கமாகச் செய்யும் ஒரு வேலையைச் சொல். எப்போதிலிருந்து செய்கிறாய் என்பதைச் சொல். அதில் வந்த ஒரு சிக்கலையும் நீ அதை எப்படித் தீர்த்தாய் என்பதையும் சொல். அதற்கும் நீ படிக்க விரும்பும் பாடத்துக்கும் உள்ள தொடர்பைச் சொல். இட்லி வியாபாரம் செய்யும் அம்மாவுடன் விடியற்காலை நான்கு மணிக்கு மாவுக் கணக்குப் போடும் பையன் வணிகவியல் படிக்க விரும்பினால், அவனுக்குச் சொல்ல இருப்பது வேறு எவனுக்கும் இருக்காது. அக்கம்பக்கத்தாருக்கு மருத்துவமனையில் மராத்தி பேசி உதவும் பெண் செவிலியர் படிப்புக்கோ சமூகவியலுக்கோ போக விரும்பினால், அதுவே போதுமான காரணம்.

'உலகை மாற்றுவேன்', 'சிறு வயது முதலே லட்சியம்' போன்ற வார்த்தைகளை வெட்டிவிடுங்கள். எத்தனை வீடு, எத்தனை கிலோ, எந்த ஆண்டு என்று எழுதட்டும். இப்போது செல்போனில் செயற்கை நுண்ணறிவைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் கட்டுரை வந்து விழுகிறது. ஆனால் பக்கத்து வீட்டுப் பையன் கேட்டாலும் அதே அச்சில்தான் வரும். எழுத்துப் பிழை பார்க்க அதைப் பயன்படுத்தட்டும். சொல்ல வேண்டியதைப் பிள்ளையே சொல்லட்டும். ஆங்கிலம் கொஞ்சம் எளிமையாக இருந்தால் குற்றமில்லை. பிள்ளை பேசும் ஆங்கிலமும் எழுதிய ஆங்கிலமும் ஒன்றாக இருப்பதே நேர்முகத்தில் பலம்.

ஆசிரியரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்கும் கல்லூரி என்றால், கடைசி நாளில் போய் நிற்காதீர்கள். ஒரு மாதம் முன்பே கேளுங்கள். பிள்ளை வீட்டில் என்ன செய்கிறான் என்பதை ஆசிரியரிடம் சொல்லி வையுங்கள். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி ஆசிரியர்கள் பலருக்கு இதெல்லாம் தெரிந்தால் மனம் விட்டு எழுதுவார்கள்.

இது பிச்சை கேட்பதா?

"ஏழ்மையைக் கடை பரப்பி இரக்கம் சம்பாதிக்கச் சொல்கிறாயா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கஷ்டத்தை மட்டும் எழுதினால் அது இரக்கத்தைக் கேட்பது. கஷ்டத்தின் நடுவே கற்றுக்கொண்டதையும் செய்து முடித்ததையும் எழுதினால் அது தகுதியைச் சொல்வது. முதலாவதை எழுத வேண்டாம். இரண்டாவதை எழுதக் கூச்சப்பட வேண்டாம்.

"மனிதர் படிக்கும் கல்லூரிகள் எத்தனை இருக்கின்றன? விரல் விட்டு எண்ணிவிடலாமே!" என்பது இன்னொரு கேள்வி. உண்மைதான். ஆனால் பதினேழு வயதுப் பிள்ளையிடம் "உன் அப்பாவின் தொழிலை எழுதாதே" என்று சொல்லும்போது, அது ஒரு விண்ணப்பத்தோடு முடிவதில்லை. நாளைக்குக் கல்லூரி நண்பர்களை வீட்டுக்கு அழைத்து வர மாட்டான். பட்டமளிப்பு விழாவுக்கு அப்பாவை வர வேண்டாம் என்பான். கடன் வாங்கிப் பணம் கட்டிய அப்பாவுக்கு அதுவா பரிசு?

நம்மால் முடிந்தது

இந்த நகரில் தமிழ்ச் சங்கங்களும் மன்றங்களும் நிறைய இருக்கின்றன. பொங்கலுக்கும் ஆண்டு விழாவுக்கும் பந்தல் போடுகிறோம். மே, ஜூன் மாதங்களில் ஞாயிறுதோறும் ஒரு மேசையும் நான்கு நாற்காலியும் போட்டால் என்ன? நம்மில் ஏராளமானோர் அலுவலகங்களில் குமாஸ்தாக்கள். படிவங்களோடு காலம் தள்ளுகிறவர்கள். எந்தக் கட்டத்தில் எதை எழுத வேண்டும், எந்தத் தாளில் எந்த முத்திரை வேண்டும் என்று பார்த்தவுடன் சொல்லத் தெரிந்தவர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் கொடுத்தால், பத்துப் பிள்ளைகளின் பெயர், தாய்மொழி, சான்றிதழ், விருப்ப வரிசை எல்லாவற்றையும் சரி பார்த்துவிடலாம். தரகருக்குப் போகும் பணம் புத்தகத்துக்குப் போகும்.

கட்டுரை எழுத வேண்டிய பிள்ளை வந்தால், எழுதிக் கொடுக்காதீர்கள். பக்கத்தில் உட்கார வைத்து, "தம்பி, உங்க அப்பா என்ன வேலை செய்றாரு? நீ அவருக்கு என்ன உதவி செய்றே?" என்று கேளுங்கள். அவன் சொல்லச் சொல்லக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கட்டுரை அங்கிருந்தே தொடங்கிவிடும். தந்தை பெயர், தந்தை தொழில் என்ற இரண்டு கட்டங்களையும் பிள்ளை தன் கையாலேயே, உள்ளது உள்ளபடி நிரப்பட்டும்.